சர்ச்சுக்கும் ஜிம்முக்கும் என்ன சம்பந்தம்?

தலைப்பைப் பார்த்து "இதென்னடா புதுக் கதை?" என்று கேட்காதீர்கள். கதை ரொம்பப் பழசு. பள்ளிக்கூட கிரவுண்டில் முட்டி தேயத் தேய ஆடினோமே கூடைப்பந்து, வாலிபால்... ரெண்டுமே கிறிஸ்தவ ஊழியம் செய்த ஒரு சங்கத்தின் ஜிம்மில் பிறந்தவைதான். அந்தக் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

ஒரு சபை உடற்பயிற்சியை ஊழியமாகச் செய்யலாமா? செய்தால் எப்படிச் செய்ய வேண்டும்? இதுதான் விஷயம். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் "இது நமக்கில்லை" என்று ஓடிவிட வேண்டாம். சபைக்கு வெளியே இருக்கிறவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதாவது உங்களைப் பற்றி :-)

அம்மாவும் மொட்டை மாடியும்

எங்கள் அம்மாவுக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை. "தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்கம்மா" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? எங்கள் தெருவில் பிளாட்பாரம் இருக்கிறது. அதில் பைக் நிற்கும், டிரான்ஸ்பார்மர் நிற்கும், இளநீர் வண்டி நிற்கும். மனுஷர் மட்டும் நடக்க முடியாது. விடியற்காலையில் போனால் நாய்கள். இருட்டிய பிறகு போனால் வேறு பயம். ஜிம்மில் விசாரித்தோம். ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். உள்ளே காதைக் கிழிக்கும் பாட்டு, பனியன் போட்ட பையன்கள். சேலை கட்டிய அம்மா வாசலோடு திரும்பிவிட்டார்.

இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கிறார். இருபது அடி போனால் திரும்ப வேண்டும். "கோயில்ல பிரகாரம் சுத்துற மாதிரி இருக்கு" என்று கீழ்வீட்டு அக்கா கிண்டல் செய்வார். அந்த அக்காவுக்குத் தைராய்டு. எதிர்வீட்டு பாய் வீட்டம்மாவுக்கு முட்டிவலி. மூன்று பேருக்கும் டாக்டர் சொன்னது ஒரே மருந்து, மூன்று பேருக்கும் அதைச் சாப்பிட இடமில்லை!

எங்கள் வீட்டிலிருந்து நாலு நிமிஷ நடையில் சர்ச். காம்பவுண்டுக்குள் பெரிய வேப்பமரம், சமமான சிமெண்ட் தரை, விளக்கு, குடிதண்ணீர், பாத்ரூம், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் உள்ள சில சாயங்காலங்களும் போக, மற்ற நேரமெல்லாம் கேட்டில் பூட்டு.

இது எங்கள் தெருப் பிரச்சினை மட்டும் இல்லை. நம் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, அதாவது ஐந்து நாள், தினம் அரை மணி நேர நடை. ஒரு கன்வென்ஷன் பிரசங்கத்தை விடக் குறைவான நேரம்தான் (அடிக்க வராதீர்கள்).

பழக்கூடையில் பிறந்த ஊழியம்

இப்போது கூடைப்பந்துக் கதை. 1844ல் லண்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்கிற 22 வயது இளைஞர், தன்னைப் போன்ற கடைப் பையன்களைச் சேர்த்து ஜெபத்துக்கும் வேத பாடத்துக்கும் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் ஒய்.எம்.சி.ஏ. ஆரம்பத்தில் அதில் விளையாட்டே கிடையாது. கிராமத்தை விட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்த பையன்களுக்குச் சாயங்காலம் போக நல்ல இடம் வேண்டும் என்பதுதான் கவலை. ஆனால் பையன்களுக்கு ஆத்துமா மட்டுமா இருக்கிறது? 1869ல் நியூயார்க்கில் கட்டிய கட்டிடத்தில் நூலகத்தோடு ஜிம்மும் வந்துவிட்டது.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே குளிர், உள்ளே ஒரே மாதிரி டிரில் செய்து சலித்துப்போன 18 மாணவர்கள். அவர்களைச் சமாளிக்க ஒரு விளையாட்டு கண்டுபிடி என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு இரண்டு வாரம் கெடு கொடுத்தார் லூதர் குலிக். நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். பிரசங்க மேடையில் நின்றால்தான் ஊழியமா, விளையாட்டு மைதானத்தில் நின்றும் செய்யலாமே என்று நினைத்தவர். பால்கனியில் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகள் எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது வாலிபால் கதை. 1895ல் ஹோல்யோக் ஊரில் அதே சங்கத்தின் பயிற்சியாளர் வில்லியம் மார்கன். அவரிடம் வந்தவர்களில் பலர் நடுத்தர வயது வியாபாரிகள். தொப்பை, மூச்சு வாங்கல். கூடைப்பந்து அவர்களுக்குத் தாங்காது. "உங்களுக்கு வயசாகிவிட்டது, போங்கள்" என்று அவர் அனுப்பவில்லை. நடுவில் வலை கட்டி, யாரும் யார் மீதும் மோதாத ஒரு ஆட்டத்தை உருவாக்கினார். வந்தவர்களை ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றாமல், ஆட்டத்தை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். உடற்பயிற்சி ஊழியம் என்றால் முதல் பாடம் இதுதான்.

இதெல்லாம் அமெரிக்காவில் என்கிறீர்களா? புத்தகக் கண்காட்சிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போய்ப் புழுதி தின்றவர்கள் கை தூக்குங்கள். அந்த வளாகத்தில் இருக்கிற உடற்கல்விக் கல்லூரியை 1920ல் மெட்ராஸில் தொடங்கியவர் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று இங்கே வந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகவும் போனார். இந்தியா முழுக்கப் பள்ளிகளில் விசில் ஊதிய எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் அந்தக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்கள். நமக்கு பி.டி. பீரியடில் ஓடச் சொல்லிக் கொடுத்த கை, நாலு தலைமுறைக்கு முன்னால் ஒரு கிறிஸ்தவ ஊழியரின் கையாக இருந்திருக்கலாம். ஓடியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். மதம் கேட்டு யாரும் விசில் ஊதவில்லை.

இரண்டு பள்ளங்கள்

எல்லாம் இனிப்பாகவே சொன்னால் கட்டுரை நோட்டீஸ் ஆகிவிடும். இந்த வழியில் இரண்டு பள்ளங்கள் உண்டு.

முதல் பள்ளம், ஊழியம் கரைந்து ஜிம் மட்டும் மிஞ்சுவது. அமெரிக்காவில் அந்தச் சங்கம் 2010ல் தன் அடையாளத்தைச் சுருக்கி வெறும் 'ஒய்' என்றே வைத்துக்கொண்டது. அங்கே பலருக்கு அது நீச்சல் குளமும் டிரெட்மில்லும் உள்ள நல்ல இடம், அவ்வளவுதான். பெயரில் இருந்த கிறிஸ்தவம் ஞாபகத்திலேயே இல்லை.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழம். உடம்பையே பக்தியின் அளவுகோல் ஆக்குவது. 1986ல் க்வென் ஷாம்ப்ளின் என்ற அமெரிக்கப் பெண்மணி எடை குறைப்பையும் வேத பாடத்தையும் சேர்த்து ஒரு வகுப்பு ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கான சபைகளுக்குப் பரவியது. அளவுக்கு மீறிச் சாப்பிடுவது பாவம், பசியை தேவனிடம் திருப்பு என்பது போதனை. 1999ல் தனிச் சபையே தொடங்கினார். அதன் கெடுபிடிகளைப் பற்றி வெளியே வந்தவர்கள் சொன்ன கதைகள் கசப்பானவை. 2021ல் விமான விபத்தில் அவர் இறந்தார். ஒல்லியாக இருப்பவர் பரிசுத்தவான், குண்டாக இருப்பவர் பாவி என்று ஒரு சபை நினைக்க ஆரம்பித்தால், முதலில் வெளியே நிற்கப்போவது நம் அம்மாக்கள்தான். தைராய்டில் ஏறும் எடைக்கும் பாவத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பள்ளத்துக்கும் நடுவே நடந்த ஒரு முயற்சியும் உண்டு. கலிபோர்னியாவின் சாடில்பேக் சபையில் ரிக் வாரன் என்ற போதகர், ஒரே நாளில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரில் முக்கி எடுத்து ஞானஸ்நானம் கொடுத்தார். தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்தபோதுதான் "எல்லாரும் இவ்வளவு கனமா?" என்று தோன்றியதாம், உடனே "நானும்தானே!" என்றும் தோன்றியதாம். 2011ல் டேனியல் பிளான் என்று ஒரு திட்டம் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். முதல் வருஷத்தில் மொத்தம் சுமார் 2.5 லட்சம் பவுண்டு எடை குறைந்ததாகச் சபை சொன்னது. தனியாக முயன்றவர்களைவிடச் சிறு குழுக்களாகச் சேர்ந்தவர்களுக்கு நன்றாகக் குறைந்தது என்பதும் அவர்கள் சொன்னதுதான். ஆலோசனைக்கு வந்த மூன்று டாக்டர்களில் ஒருவர் யூதர், ஒருவர் இஸ்லாமியப் பின்னணி உள்ளவர். அதற்காகச் சில கிறிஸ்தவர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு என்னவோ, எடுத்ததும் "நானும்தானே" என்று அவர் சொன்னதுதான் பிடித்தது. மேடையிலிருந்து கீழே பார்த்துச் சொல்லும் அறிவுரையாக இருந்திருந்தால் யார் சேர்ந்திருப்பார்கள்?

ஜிம் செய்யாததைச் சபை செய்யலாம்

சரி, பார்க்கில் நடக்கலாம், யூடியூப் பார்த்துக் குதிக்கலாம், இதற்குச் சபை எதற்கு?

யோசித்துப் பாருங்கள். ஜனவரி மாதம் ஜிம்மில் நிற்க இடம் இருக்காது. மார்ச்சில் பாதிப் பேர் காணோம். காணாமல் போனவரைப் பற்றி ஜிம்முக்குக் கவலை இல்லை. பணம் ஏற்கெனவே வந்துவிட்டது, வராமல் இருந்தால் மெஷின் தேய்மானம் மிச்சம்! சபையின் பழக்கம் வேறு. இரண்டு ஞாயிறு வராவிட்டால் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வீடு சந்திப்பது நம் சபைகளில் பரம்பரைப் பழக்கம். தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டுக் காணாமல் போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை ஞாயிறு பள்ளியில் படிக்காதவர் யார்?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சபை கொடுக்க வேண்டியது டிரெட்மில் இல்லை. வராதவரைத் தேடும் கண். "நாலு நாளா காணோமே, முட்டி வலிக்குதா? மெதுவா வாங்க, நான் கூட நடக்கிறேன்" என்று பாய் வீட்டம்மாவிடம் ஒருவர் போய்ச் சொன்னால், அதைவிடப் பெரிய சுவிசேஷ ஊழியம் எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கைப்பிரதி தேவையில்லை.

லூக்கா சுவிசேஷத்தில் எம்மாவு ஊருக்கு இரண்டு பேர் நடந்து போகிறார்கள். எருசலேமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். உயிர்த்தெழுந்த இயேசு யாரோ போல வந்து அவர்களோடு சேர்ந்து நடக்கிறார். வந்ததும் பிரசங்கம் ஆரம்பிக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள், ஏன் துக்கமாக இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறார். நம் சபைகள் அந்தப் பகுதியின் பிற்பாதியை நன்றாகப் படித்துவிட்டன. முற்பாதிதான் பாக்கி.

தூண்டில் வேண்டாம்

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்ல வேண்டும். "ஜிம் வைப்போம், கூட்டம் வரும், அப்புறம் பிடித்து உட்காரவைத்துப் பேசலாம்" என்று நினைத்தால் அது தூண்டில். நம் ஊரில் வாசனை பிடிப்பதில் மீன்கள் கெட்டி. ஏற்கெனவே "இவங்க எதைக் கொடுத்தாலும் பின்னால ஒரு கணக்கு இருக்கும்" என்று பேச்சு உண்டு. எதிர்வீட்டம்மா நம் கேட்டுக்குள் வந்தால் அவர் தன் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவருடைய நம்பிக்கையை நாம் கெடுத்தால் போவது ஒரு வகுப்பு மட்டும் இல்லை, ஒரு தெருவின் உறவு.

ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள்கிறேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க ஒரு பெண் டாக்டர் வேண்டும், ஆண் டாக்டரை அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்து, 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். இன்று அது சி.எம்.சி. யாருக்கு வர வழியில்லை என்று பார்த்து, அங்கே ஒரு கதவு வைத்தார். உள்ளே வந்தவர் எந்தச் சாமி கும்பிட்டாலும் ஊசி ஒரே ஊசிதான். அங்கே போன எல்லாருக்கும் அது கிறிஸ்தவ ஆஸ்பத்திரி என்று தெரியும். யாரும் மறைக்கவும் இல்லை, திணிக்கவும் இல்லை.

என்ன செய்யலாம்?

எங்கள் சபை மாதிரி ஒரு நடுத்தரச் சபைக்கு என் யோசனை:

1. காலை 5.30 முதல் 6.30 வரை காம்பவுண்ட் கேட் திறந்திருக்கட்டும். யாரும் நடக்கலாம். சேலையோடு, புர்காவோடு, லுங்கியோடு, எப்படியும். கட்டணம் இல்லை.

2. சாயங்காலம் பாரிஷ் ஹாலில் பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம். முதியவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சிகள். நாற்காலிக்கா பஞ்சம்? கல்யாண வரவேற்புக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி மலைபோல் அடுக்கியிருக்கிறது.

3. பையன்களுக்கு ஒரு வாலிபால் வலை. தெருப் பையன்களும் வாலிபர் சங்கமும் கலந்த டீம். "சர்ச் டீம், வெளி டீம்" என்று பிரிக்கவே கூடாது.

4. எந்தச் சபையிலும் நர்ஸ்கள் இருப்பார்கள், ரிட்டயரான பி.டி. மாஸ்டர் ஒருவராவது இருப்பார். பாட்டுப் பாடத் தெரிந்தவருக்குக் கொயர் இருக்கிறது. இவர்களுடைய தாலந்துக்குச் சபையில் எங்கே இடம்? வாரம் ஒருமுறை பி.பி. பார்க்கட்டும். புதிதாக ஆரம்பிப்பவரை முதலில் டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லட்டும். இன்சுலின் போடுகிறவர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், அதனால் கையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும்.

5. 6.30க்குப் பயிற்சி முடிந்தது என்று சொல்லிவிட வேண்டும். 6.35க்கு வேப்பமரத்தடியில் ஐந்து நிமிஷ ஜெபம் உண்டு, விரும்புகிறவர் இருக்கலாம் என்று போர்டில் எழுதியே வைக்கலாம். போகிறவரை யாரும் ஒரு மாதிரி பார்க்கக் கூடாது.

6. எடையை யாரும் சத்தமாகப் படிக்கக் கூடாது. "இந்த சகோதரி 10 கிலோ குறைந்தார்" என்று ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல வைக்கவே கூடாது. குறையாத சகோதரி அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

7. ஒவ்வொரு பத்துப் பேருக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் வேலை எண்ணுவதுதான். யார் வரவில்லை?

முதல் ஆறும் வசதி. ஏழாவதுதான் ஊழியம்.

கமிட்டி என்ன சொன்னது?

வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, சரீர முயற்சியால பிரயோஜனம் கொஞ்சம்தான்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்காரே?" நியாயமான கேள்விதான். "கொஞ்சம்னுதான் அங்கிள் சொன்னாரு, இல்லவே இல்லைன்னு சொல்லலையே. அந்தக் கொஞ்சத்தையாவது அம்மாக்களுக்குக் கொடுக்கலாமே" என்றேன். அதே பவுல்தான் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்றும் எழுதினார். ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாகச் சொன்னவரும் அவர்தான். ஊர் ஊராக அவர் நடந்த தூரத்துக்கு அவருக்குத் தனியாக வாக்கிங் தேவைப்பட்டிருக்காது!

இன்னொருவர் கேட்டது எளிதில் பதில் சொல்ல முடியாதது. "இவ்வளவும் செஞ்சு ஒருத்தர்கூட சபைக்கு வரலைன்னா?"

அப்படியும் நடக்கலாம். ஐந்து வருஷம் நடந்துவிட்டு, பாய் வீட்டம்மா பாய் வீட்டம்மாவாகவே இருக்கலாம். இருந்தால் என்ன? பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை இயேசு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி. முட்டி வலிக்கிறவருக்கு "உள்ளே வாங்க, இங்க நடக்கலாம்" என்பது நல்ல செய்திதான். அதற்குப் பிறகு அவர் "நீங்க ஏன் இதெல்லாம் செய்றீங்க?" என்று கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருக்கிறது. கேட்காவிட்டால் சேர்ந்து இன்னொரு ரவுண்டு நடக்கலாம்.

"அடுத்த கமிட்டியில பார்ப்போம்" என்று முடித்தார்கள். பார்க்கட்டும். நான் கேட்பது கட்டிட நிதி இல்லை, மெஷின் இல்லை. மூன்று மாதம், தினமும் காலையில் ஒரு மணி நேரம், அந்தக் கேட்டின் சாவி. எண்ணுகிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தெருவில் இப்படிப் பூட்டிக் கிடக்கிற இடம் எது? சர்ச்சாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கோயில் மண்டபமோ, மதரசா முற்றமோ, பள்ளிக்கூட மைதானமோ, எங்கேயாவது திறந்து பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். கமிட்டியில் எடுத்துச் சொல்ல உதவும்.